விலை ஏறும் காலத்தில் வீட்டில் உணவு வீணாகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

உணவு விலையில் நாம் கை வைக்க முடியாது. எங்கோ மழை பொய்க்கிறது, எங்கோ போர் மூள்கிறது, உரமும் டீசலும் விலை ஏறுகின்றன. கடைசியில் எல்லாம் நம் சமையலறைக் கணக்கில் வந்து விழுகின்றன. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு மாதாமாதம் வெளியிடும் உணவு விலைக் குறியீடு, உக்ரைன் போர் தொடங்கிய அடுத்த மாதமே, அதாவது 2022 மார்ச்சில், அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. அந்த மாதம் எந்த வீட்டிலும் யாரும் தப்பு ஒன்றும் செய்துவிடவில்லை.

ஆனால் காசு கொடுத்து வாங்கி, சுமந்து வந்து, கழுவி, நறுக்கி, சமைத்து, அதன்பிறகு கொட்டுகிறோமே, அது நம் கையில்தான் இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீணானது வீடுகளில். சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. தோல், எலும்பு, கொட்டை எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அப்படியே இருந்தாலும், வாரத்துக்கு ஆளுக்கு ஒன்றரைக் கிலோ என்பது சின்ன அளவு இல்லை. வசதியான நாடுகளின் பழக்கம் இது என்று தள்ளிவிடவும் முடியாது. பணக்கார நாட்டு வீடுகளுக்கும் நடுத்தர வருமான நாட்டு வீடுகளுக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 7 கிலோதான் வித்தியாசம் என்கிறது அதே அறிக்கை.

"சிக்கனமாக இருங்கள்" என்று சொல்வதால் இது குறையாது. வீணாக்க வேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்வதில்லை. குழாய் ஒழுகினால் எந்த இணைப்பில் ஒழுகுகிறது என்று முதலில் பார்ப்போம் இல்லையா, அதே மாதிரிதான் இதுவும். ஓர் அழுகிய தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். தேவைக்கு மேல் வாங்கியதால் அழுகியிருக்கலாம். வைத்த இடம் சரியில்லாமல் அழுகியிருக்கலாம். சமைக்க நினைத்த அன்று வெளியே சாப்பிட்டிருக்கலாம். இல்லை, அது அங்கே இருந்ததே மறந்துபோயிருக்கலாம். தக்காளி ஒன்றுதான், ஆனால் மருந்து நாலு விதம். அதனால் கீழே உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ அதைத் தேடிப் படியுங்கள். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவை எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

அறிகுறி: அதே சாமான்தான் வாங்குகிறோம், செலவு மட்டும் கூடிக்கொண்டே போகிறது

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். விலை ஏறியிருக்கும், பேக்கெட் சுருங்கியிருக்கும், அல்லது வாங்கியதில் ஒரு பங்கு குப்பைக்குப் போய், அதே பொருளை மறுபடியும் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். மூன்றும் ஒன்றாக நடப்பதும் உண்டு.

முதல் இரண்டைக் கண்டுபிடிக்கப் பழைய பில் ஒன்றும் புதிய பில் ஒன்றும் போதும். பேக்கெட்டின் மொத்த விலையைப் பார்க்காமல் 100 கிராமுக்கு என்ன விலை என்று போட்டுப் பாருங்கள். 500 கிராம் இருந்த பேக்கெட் விலை மாறாமல் 450 கிராம் ஆகியிருந்தால், 11 சதவீதம் விலை ஏற்றிவிட்டார்கள் என்று பொருள். அட்டையின் நிறமும் படமும் அப்படியே இருப்பதால் இது கண்ணில் படாது.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் பேனாவும் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் வேண்டும். ஏழு நாள். எதையும் மாற்ற வேண்டாம், யாரையும் கடிந்துகொள்ளவும் வேண்டாம். உணவு எதைக் கொட்டினாலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன, எவ்வளவு, ஏன். "ஏன்" என்ற இடத்தில் "கெட்டுப்போச்சு" என்று எழுதாதீர்கள். அதனால் ஒன்றும் தெரியவராது. "கவருக்குள்ளேயே கிடந்தது", "அளவு அதிகம்", "இருந்தது தெரியவில்லை", "யாருக்கும் பிடிக்கவில்லை" என்று நடந்ததை எழுதுங்கள்.

இதை நான் முதல்முறை செய்தபோது, காய்கறிதான் அதிகம் வீணாகும் என்று நினைத்திருந்தேன். வாரம் முடிந்து நோட்டைப் புரட்டினால் காய்கறி மூன்றே வரி. மீதி எல்லாம் சமைத்த உணவு. அரைக் கிண்ணம், கால் கிண்ணம், இரண்டு கரண்டி என்று ஒன்பது முறை எழுதியிருந்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. சேர்த்துப் பார்த்தபோது ஒரு வேளைச் சாப்பாடு குடும்பத்துக்கே போயிருந்தது. சமைத்த உணவு வீணாவதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அரிசியோடு எண்ணெய், கேஸ், தண்ணீர், ஒரு மணி நேர உழைப்பு எல்லாம் சேர்ந்து போகிறது.

இன்னொரு கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாங்கியதில் கால் பங்கைத் தூக்கிப் போட்டால், சாப்பிட்ட முக்கால் பங்குக்கு நீங்கள் கொடுத்த விலை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அதாவது கடையில் 33 சதவீத விலையேற்றம் வந்தால் எப்படியோ அப்படி. "இரண்டு எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி" என்பதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். எடுத்த இரண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீணானால் தள்ளுபடி மொத்தமும் கரைந்துவிட்டது. சோப்பு, உப்பு, பருப்பு என்றால் தாராளமாக எடுங்கள். இலையும் பழமும் பாலும் தள்ளுபடிக்காகக் காத்திருக்காது.

அறிகுறி: கீரையும் இலைகளும் இரண்டே நாளில் போய்விடுகின்றன

"போய்விட்டது" என்றால் எப்படிப் போனது? கையில் எடுத்துப் பாருங்கள். இதில் மூன்று விதம் இருக்கிறது.

இலை தொங்கிப்போய், ஆனால் பச்சையாக, உலர்ந்து இருந்தால் அது வாடல். தண்ணீர் வெளியேறிவிட்டது, வேறொன்றும் இல்லை. காம்பின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் போட்டு வையுங்கள். இலையின் உயிரணுக்கள் தண்ணீரை இழுத்துக்கொண்டு மறுபடி விறைத்து நிற்கும். வாடிய கேரட், முள்ளங்கிக்கும் இது பொருந்தும். குப்பைக்குப் போகும் கீரையில் எவ்வளவோ இந்த இருபது நிமிடத்தில் திரும்பி வந்திருக்கக் கூடியது.

இலை கொழகொழவென்று ஆகி, கறுத்து, வாடை அடித்தால் காரணம் நேர் எதிர்: தண்ணீர் அதிகம். கடையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன நீர்த்துளிகள் கோத்து நிற்கும். இலை மூச்சு விடுகிறது, அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் இலையின் மேலேயே படிகிறது, பாக்டீரியா அங்கே குடியேறுகிறது. பையை வீட்டில் இறக்கி வைத்த கையோடு கீரையைக் கவரிலிருந்து எடுத்துவிடுங்கள். வேரையும் அழுகிய இலையையும் ஆய்ந்து எறிந்துவிட்டு, கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியிலோ தாளிலோ தளர்வாகச் சுற்றி ஒரு டப்பாவில் வையுங்கள். துணி ஈரமானால் மாற்றுங்கள். கழுவித்தான் வைப்பேன் என்றால் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்திய பிறகு வையுங்கள். என் அனுபவத்தில் இந்தத் துணி ஒன்றே கீரையின் ஆயுளை இரண்டு மடங்காக்கிவிடுகிறது. இதற்கென்று விற்கும் விசேஷ டப்பாக்கள் எதுவும் தேவையில்லை.

கொழகொழத்த கட்டில் நடுவே நல்ல இலை இருந்தால் தனியே பிரித்து, நன்றாகக் கழுவி, அன்றே வேகவைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

மூன்றாவது விதம், இலை மஞ்சளாவது. பழத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

அறிகுறி: பழம் எல்லாம் ஒரே நாளில் பழுத்துத் தள்ளுகிறது, பக்கத்தில் இருந்த காயும் மஞ்சளாகிறது

எத்திலீன் என்ற வாயுதான் காரணம். ஆப்பிள், வாழை, மாம்பழம், தக்காளி போன்றவை பழுக்கும்போது இதை வெளிவிடுகின்றன. அந்த வாயு பக்கத்தில் இருக்கிற பழத்தையும் பழுக்க வைக்கிறது. வெள்ளரி, கீரை, புரோக்கோலி போன்றவற்றைச் சீக்கிரம் மஞ்சளாக்கிக் கெடுக்கிறது. ஆகவே பழக்கூடை ஒரு பக்கம், காய்கறி வேறொரு பக்கம். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் இரண்டு இழுப்பறை இருந்தால் இதற்குத்தான்.

பழுத்த வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுக்கும், உள்ளே ஒன்றும் ஆகாது. தோலைப் பார்த்து எறிந்துவிடாதீர்கள். தக்காளியைக் காயாக இருக்கும்போது ஃபிரிட்ஜில் வைத்தால் மணமும் ருசியும் போய்விடும். வெளியே பழுக்கவிட்டு, நன்றாகப் பழுத்த பிறகும் மீந்திருப்பதை மட்டும் உள்ளே வையுங்கள்.

அறிகுறி: உருளைக்கிழங்கு முளைக்கிறது, வெங்காயம் அடியில் அழுகுகிறது

இரண்டையும் ஒரே கூடையில் போட்டிருப்பீர்கள். உருளைக்கிழங்கு விடும் ஈரம் வெங்காயத்தை அழுக வைக்கும். பிரித்து வையுங்கள். வெங்காயத்துக்குக் காற்று வேண்டும், உருளைக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்ட உருளை பச்சையாகும். அந்தப் பச்சை தானாகக் கெடுதல் செய்வதில்லை. ஆனால் அதோடு சேர்ந்து சோலனைன் என்ற நச்சும் கூடியிருக்கும், அது வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. சின்ன முளை, கிழங்கு கெட்டியாக இருக்கிறது என்றால் முளையையும் கண்ணையும் ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். நிறையப் பச்சையாகி, சுருங்கி, கசந்தால் வேண்டாம்.

அறிகுறி: பால், தயிர், சமைத்த உணவு எல்லாமே தேதிக்கு முன்பே கெடுகின்றன

ஒரு பொருள் மட்டும் கெட்டால் அந்தப் பொருளைச் சந்தேகப்படலாம். எல்லாமே சீக்கிரம் கெட்டால் ஃபிரிட்ஜைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபிரிட்ஜின் குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் எழுதியிருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் வெப்பநிலை இல்லை. ஒரு சாதாரண வெப்பமானியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்து, காலையில் யாரும் கதவைத் திறப்பதற்கு முன் பாருங்கள். 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஃப்ரீசரில் மைனஸ் 18. இதற்கு மேலே இருந்தால் வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

கதவு ரப்பர்: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். பிடிப்பில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் குளிர் அந்த வழியாகப் போகிறது. சில சமயம் ரப்பரில் ஒட்டிய அழுக்கைத் துடைத்தாலே சரியாகிவிடும்.

நெரிசல்: குளிர்ந்த காற்று சுற்றி வர இடம் வேண்டும். பின்சுவரில் இருக்கும் காற்றுத் துளையை ஒரு பாத்திரம் மறைத்துக்கொண்டிருந்தால் முன்தட்டு சூடாகவே இருக்கும். ஃப்ரீசர் விஷயத்தில் மட்டும் இது தலைகீழ். அது நிறைந்திருந்தால் குளிரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இடம்: பாலைக் கதவில் வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் கதவுதான் இருப்பதிலேயே சூடான இடம். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று முதலில் அங்கேதான் படும். பாட்டில் வைக்கும் அளவுக்கு அங்கே தடுப்பு கொடுத்திருப்பதால் எல்லோரும் பாலை அங்கேயே வைக்கிறோம். பாலை உள்தட்டின் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள்; கதவில் ஊறுகாய், சாஸ், ஜாம் இருக்கட்டும்.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விடுவதே பெரிய உதவி. மூடிய ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் வரை தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள்.

அறிகுறி: தினமும் சமைத்தது மிஞ்சுகிறது

என் நோட்டில் ஒன்பது வரி பிடித்தது இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சமைப்பவர்களுக்குத் தெரியும், அளந்து போட்டுவிட்டு "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு கை கூடுதலாகப் போடுவோம். யாராவது பசியோடு எழுந்துவிடக் கூடாதே என்ற நினைப்பில் போடுவது அது. அந்தக் கை அன்பால் வருகிறது, அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஒரு கை அரிசி வெந்தால் மூன்று மடங்காகிறது என்பதைப் பானைக்கு வெளியே இருக்கும்போது நாம் பார்ப்பதில்லை. ஒரு கப் அரிசி ஏறக்குறைய மூன்று கப் சோறு. அரைக் கப் "எதற்கும்" போட்டால் ஒன்றரைக் கப் சோறு மிஞ்சுகிறது. என் வீட்டில் தினமும் மிஞ்சியது கிட்டத்தட்ட அதே அளவுதான்.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் ஒரே ஒரு டம்ளரை அரிசிக்கென்று ஒதுக்குங்கள். ஒரு வாரம் எத்தனை டம்ளர் போட்டீர்கள், எவ்வளவு மிஞ்சியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்திலோ பேக்கெட்டிலோ போட்டிருக்கும் அளவு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. வளரும் பிள்ளைகள் இருக்கும் வீடு வேறு, வயதானவர்கள் இருக்கும் வீடு வேறு. அடுத்த வாரம் கால் டம்ளர் குறையுங்கள். பற்றாக்குறை வந்துவிடுமோ என்ற பயத்துக்கு முட்டை, ரொட்டி, அவல் போல ஐந்து நிமிடத்தில் தயாராகும் ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "எதற்கும்" போடும் கையின் வேலையை இனி அது செய்யும். சில நாளாவது தாங்கும் பொருளாக இருப்பதால், தேவைப்படாத நாளில் நஷ்டமும் இல்லை.

பரிமாறும்போது பெரிய பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டுவராமல், வேண்டிய அளவு மட்டும் சின்னப் பாத்திரத்தில் எடுத்து வாருங்கள். மேசையில் கரண்டியும் கையும் பட்ட உணவை எடுத்து வைக்க யாருக்கும் மனம் வராது. அடுப்பில் தொடாமல் இருப்பது அடுத்த வேளைக்கு ஆகும்.

அப்படியும் மிஞ்சினால் எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதில் மட்டும் சலுகையே கிடையாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே பாக்டீரியா வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதிநீரிலும் சாகாமல் தப்பும். சோறு ஆறி அறைச் சூட்டில் கிடக்கும்போது அவை முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதாவது இரவு முழுக்க மேடையில் கிடந்த சோற்றைக் காலையில் கொதிக்க வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்பது தவறு.

மிஞ்சும் என்று தெரிந்ததும் அகலமான தட்டிலோ ஆழமில்லாத டப்பாவிலோ பரப்பிவிடுங்கள். ஆழமான பானையில் ஓரம் ஆறினாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜுக்குள். சோறு என்றால் அடுத்த நாளுக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. சூடாக்கும்போது ஆவி பறக்கும் அளவுக்கு, ஒரே ஒரு முறை, தேவையான அளவை மட்டும்.

அறிகுறி: ஃபிரிட்ஜில் வைத்த மிச்சம் ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் படுகிறது

கண்ணில் படாத உணவு இல்லாத உணவு மாதிரிதான். மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் என்ன இருக்கிறது என்று வைத்தவருக்கு மட்டும் தெரியும். அவருக்கும் மூன்றாம் நாள் மறந்துவிடும். கண்ணாடி டப்பா இருந்தால் அதில் வையுங்கள், இல்லாவிட்டால் டப்பாவின் மேல் ஒரு துண்டுத் தாள் ஒட்டி என்ன, எந்த நாள் என்று எழுதுங்கள். கண் மட்டத்தில் இருக்கும் தட்டின் முன்பக்கத்தை "முதலில் தீர்க்க வேண்டியது" என்று ஒதுக்குங்கள். மிச்சம், பாதி நறுக்கிய வெங்காயம், நாளைக்குத் தேதி முடியும் பால் எல்லாம் அங்கே. வீட்டில் யாருக்குப் பசித்தாலும் கை முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பது ஒரே விதி. புதிதாக வாங்கி வருவது எப்போதும் பின்னால்.

அப்புறம், கடைக்குக் கிளம்பும் முன் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிறதா இல்லையா என்று கடையில் நின்று யோசிக்கும்போது நாம் எப்போதும் "இல்லை" என்ற முடிவுக்குத்தான் வருவோம்.

அறிகுறி: பேக்கெட்டில் தேதி தாண்டிவிட்டது, எறிவதா வேண்டாமா?

எந்தத் தேதி என்று பாருங்கள். பொதுவாக இரண்டு வகை அச்சிடுகிறார்கள். ஒன்று, இந்த நாளுக்கு முன் சாப்பிட்டால் தரம் நன்றாக இருக்கும் என்பது. பிஸ்கட், பருப்பு, பாஸ்தா, டின் உணவு போன்றவற்றில் இருக்கும். அந்த நாள் தாண்டினால் மொறுமொறுப்போ மணமோ குறையலாம். ஒழுங்காக வைத்திருந்தால் சாப்பிட ஆபத்தில்லை. கண்ணால் பார்த்து, மோந்து, கொஞ்சம் ருசித்து முடிவு செய்யலாம். மற்றொன்று, இந்த நாளுக்குள் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும் என்பது. இறைச்சி, மீன், சீக்கிரம் கெடும் பால் பொருட்களில் இருக்கும். இது பாதுகாப்புத் தேதி. இதைத் தாண்டியதை மோந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் நோய் தரும் கிருமிகளில் பலவற்றுக்கு வாடையே கிடையாது.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் வீணாகும் உணவில் 10 சதவீதம் வரை இந்தத் தேதிகளோடு தொடர்புடையது என்று ஐரோப்பிய ஆணையத்துக்காக 2018-ல் செய்த ஆய்வு மதிப்பிட்டது.

தேன் உறைந்து சர்க்கரை போல் ஆனால் அது கெட்டதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும்.

பூஞ்சையில் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டியான பொருளில் பூஞ்சை பிடித்த இடத்தைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் ஆழமாக வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். ரொட்டி, ஜாம், தயிர், சமைத்த உணவு, மென்மையான பழம் என்றால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே பரவியிருக்கும், முழுவதையும் எறிந்துவிடுங்கள். நிலக்கடலை, சோளம், மற்ற தானியங்களில் பூஞ்சை இருந்தால் ஒரு மணிகூட வேண்டாம். அஃப்ளாடாக்சின் என்ற நச்சு அதில் இருக்கலாம். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுசாக அழியாது, கல்லீரலைக் கெடுக்கும்.

அறிகுறி: மொத்தமாக வாங்கிய அரிசியில், மாவில் வண்டு

பெரும்பாலும் முட்டையாகவே வீட்டுக்கு வந்துவிடுகிறது. வாங்கி வந்ததும் சின்னப் பேக்கெட்டாகக் கட்டி நாலைந்து நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். அதன்பிறகு காற்றுப் புகாத டப்பா. பழையதன் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். டப்பாவைக் காலி செய்து, துடைத்து, உலர்த்திய பிறகே நிரப்புங்கள். ஓரிரண்டு வண்டு வந்த அரிசியைச் சலித்துக் கழுவிச் சமைக்கலாம். வாடை மாறி, கட்டி கட்டியாக ஆகியிருந்தால் போனதுதான்.

அறிகுறி: ரொட்டி காய்ந்துபோகிறது

ஃபிரிட்ஜில் வைப்பதால்தான். குளிர்ச்சியில் மாவுச்சத்து வேகமாக இறுகும். இரண்டு நாளைக்கு வேண்டியதை வெளியே வைத்துவிட்டு, மீதியைத் துண்டு துண்டாகவே ஃப்ரீசரில் போடுங்கள். வேண்டும்போது ஒரு துண்டை எடுத்து நேராகக் கல்லில் சூடாக்கலாம்.

அறிகுறி: பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்கிறார்கள்

முதலில் பாதி அளவு போடுங்கள். மறுபடி கேட்டு வாங்கும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். "எல்லாவற்றையும் முடி" என்று கட்டாயப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வயிறு நிறைந்த பிறகு உள்ளே தள்ளும் உணவும் வீண்தான், கூடவே பசியறியும் பழக்கமும் கெடுகிறது. பள்ளிக்குக் கொடுத்துவிடும் டப்பா நிறையத் திரும்பி வந்தால் திட்டாமல் ஏன் என்று கேளுங்கள். சாப்பிட நேரம் போதவில்லை, மூடி திறக்க வரவில்லை, பழம் கறுத்துவிட்டது என்று பெரும்பாலும் சரிசெய்யக் கூடிய பதிலாகத்தான் இருக்கும்.

அறிகுறி: ஃப்ரீசர் நிறைய இருக்கிறது, என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது

ஃப்ரீசர் உணவைக் காப்பாற்றும் இடம். ஆனால் பெயர் எழுதாத பொட்டலம் அங்கே போனால், குப்பைக்குப் போவதைக் கொஞ்ச மாதம் தள்ளிப் போட்டதாகத்தான் அர்த்தம். மைனஸ் 18-ல் கிருமி வளராது, அதனால் பழைய பொட்டலம் ஆபத்தில்லை. ருசியும் ஈரமும்தான் குறைந்துகொண்டே போகும். பரப்பில் வெள்ளையாகக் காய்ந்த திட்டு இருந்தால் அது ஈரம் போன இடம், அதை வெட்டிவிட்டுச் சமைக்கலாம்.

ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடுக்குங்கள். தெரிந்ததற்குப் பெயர் எழுதுங்கள், தெரியாததைப் பிரித்துப் பாருங்கள். இனி உள்ளே போவது எல்லாம் ஒரு வேளைக்கு ஆகும் அளவில், தட்டையாக, காற்றை வெளியேற்றிப் போகட்டும். தட்டையான பொட்டலம் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், புத்தகம் மாதிரி நிறுத்தியும் வைக்கலாம். உருக வைப்பதை மேடையில் செய்ய வேண்டாம். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் அடித்தட்டில் இறக்கி வைத்துவிடுங்கள். கதவில் ஒரு தாள் ஒட்டி, உள்ளே போவதை எழுதி, வெளியே வருவதை அடியுங்கள். அந்தத் தாளில் ஐந்தாறு வரி சேர்ந்துவிட்டால், அந்த வாரம் கடைக்குப் போகும் முன் அதிலிருந்து இரண்டு வேளைச் சமையலை முடிவு செய்துவிட்டு, மீதிக்கு மட்டும் பட்டியல் எழுதுங்கள்.